ஈஆர்பிசி பதில் தரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ஒரு பக்கம் ராஸ்பெரி பை என்ற சின்ன லினக்ஸ் கணினி, இன்னொரு பக்கம் ஃப்ரீடம் கே64எஃப் என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, நடுவில் மூன்று வயர். பையில் பைத்தானில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் போர்டில் சி-யில் எழுதிய ஃபங்ஷன் ஓடி விடை திரும்ப வரவேண்டும். இந்த வேலைக்குத்தான் ஈஆர்பிசி (எம்பெடட் ஆர்பிசி) என்ற நூலகம். கூப்பிடும் பக்கம் கிளையன்ட், ஃபங்ஷனை ஓட்டும் பக்கம் சர்வர். ஃப்ரீஸ்கேலில் பிறந்தது. 2015 டிசம்பரில் அந்த நிறுவனம் என்எக்ஸ்பியோடு சேர்ந்த பிறகு அங்கே வளர்ந்தது. பிஎஸ்டி உரிமம், சின்ன கோடு, சின்ன சிப்பிலும் அடங்கும். ஐடிஎல் (இடைமுக விவரிப்பு மொழி) கோப்பில் ஃபங்ஷன்களின் பெயரையும் அளவுருக்களையும் எழுதி ஜெனரேட்டரை ஓட்டினால் இரண்டு பக்கத்துக்கும் கோடு தயாராகிவிடும். வேலை செய்யும்போது மிக அழகு. செய்யாதபோது எங்கே நின்றது என்று அது சொல்லாது, அதுதான் சிக்கல்.

கீழே இருப்பவை யூஆர்ட் (சீரியல் போர்ட்) வழியாக ஓட்டும்போது நான் சந்தித்தவை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எதற்கும் முன்னால் இரண்டு வேலை

முதலாவது, சி கிளையன்ட் என்றால் எரர் ஹேண்ட்லர் ஒன்றை அதில் பதிவு செய்யுங்கள். அதைப் பதிவு செய்யாமல் பலர் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பிழை நடந்தால் ஈஆர்பிசி அதை அந்த ஹேண்ட்லரிடம்தான் சொல்லும். ஹேண்ட்லர் இல்லையென்றால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். வெறுமனே பிழை எண்ணை ஒரு குளோபல் மாறியில் போட்டு வைத்தாலே போதும், டீபக்கரில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வயரில் ஓடும் பைட்டுகளைக் கண்ணால் பாருங்கள். வயரில் ஓடும் சிக்னலைப் பதிவு செய்யும் மலிவான லாஜிக் அனலைசர் போதும், அதுவும் இல்லையென்றால் ஒரு யூஎஸ்பி சீரியல் அடாப்டரின் ஆர்எக்ஸ் (பைட்டுகளைப் பெறும்) பின்னை வயரில் தொட்டு வைத்து ஒட்டுக்கேட்கலாம். ஒரு அழைப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். முதலில் அளவும் சிஆர்சியும் (பைட்டுகள் கெடாமல் வந்தனவா என்று சரிபார்க்கும் எண்) உள்ள ஒரு சின்ன தலைப்பு. அதை அடுத்து செய்தி. ஒன்றாம் சர்வீஸின் (ஃபங்ஷன்களின் தொகுப்பு) இரண்டாவது ஃபங்ஷனை உங்கள் ஐந்தாவது அழைப்பாகக் கூப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செய்தியின் முதல் எட்டு பைட்டுகள் இப்படி இருக்கும்: 0, 2, 1, 1, 5, 0, 0, 0. முதல் 0 என்றால் "இது ஒரு அழைப்பு". அடுத்த 2 ஃபங்ஷன் எண், அப்புறம் சர்வீஸ் எண், அப்புறம் கோடெக்கின் (செய்தியைப் பைட்டுகளாக்கும் பகுதியின்) பதிப்பு எண். கடைசி நான்கும் வரிசை எண், சிறிய மதிப்புள்ள பைட் முதலில். பதில் திரும்பி வரும்போது 2, 2, 1, 1, 5, 0, 0, 0 என்று வரும், இங்கே முதல் 2 என்றால் "இது பதில்". அதன் பின்னாலேயே உங்கள் விடை. அழைப்பில் இருந்த வரிசை எண் பதிலிலும் அதேதான். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

"கூப்பிட்டேன், அப்படியே நிற்கிறது"

ஈஆர்பிசி தானாக டைம்அவுட் எதுவும் வைப்பதில்லை. பதில் வரும்வரை காத்திருக்கும், வராவிட்டாலும் காத்திருக்கும். பைத்தான் பக்கத்தில் சீரியல் போர்ட்டைப் படிக்கும் பைசீரியல் நூலகத்துக்கு டைம்அவுட் கொடுக்காவிட்டால் அதன் ரீட் விடியவிடிய உட்கார்ந்திருக்கும்.

அனலைசரில் பாருங்கள். பையிலிருந்து எதுவுமே கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் தவறான போர்ட்டைத் திறந்திருக்கிறீர்கள். பைட்டுகள் கிளம்பி போர்டின் ஆர்எக்ஸ் பின்வரை வந்து பதில் மட்டும் இல்லை என்றால் பிழை ஃபர்ம்வேரில், அதாவது போர்டில் ஓடும் நிரலில். கிளம்புகிறது, ஆனால் போர்டுவரை வரவில்லை என்றால் வயரிங்: டிஎக்ஸ் (அனுப்பும் பின்) போய் ஆர்எக்ஸில் சேரவேண்டும், கிரவுண்டு இரண்டுக்கும் பொதுவாக இருக்கவேண்டும். கிரவுண்டு வயரை மறந்துவிட்டு மென்பொருளைத் திட்டிய ஆட்களில் நானும் ஒருவன். சில சமயம் கிரவுண்டு இல்லாமலேயே, இரண்டும் ஒரே லேப்டாப்பின் யூஎஸ்பியில் சொருகியிருப்பதால், நன்றாக ஓடும். போர்டைத் தனி சார்ஜருக்கு மாற்றியதும் நின்றுபோகும்.

ஃபர்ம்வேர்தான் என்றால் முதலில் பார்க்கவேண்டியது, சர்வரில் உங்கள் சர்வீஸைச் சேர்த்தீர்களா என்பது. ஜெனரேட்டர் அதற்கான கோடை எழுதித் தரும், ஆனால் சர்வரோடு சேர்க்கும் வரியை நீங்கள்தான் எழுதவேண்டும். சேர்க்காவிட்டால் கம்பைல் ஆகும், லிங்க் ஆகும், சர்வரும் ஓடும். முதல் அழைப்பு வந்ததும் "இப்படி ஒரு சர்வீஸ் என்னிடம் இல்லை" என்று உள்ளுக்குள் பிழை எழுப்பி, கிளையன்டிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிடும்.

"வெப்பநிலை 255 என்று வருகிறது"

சென்சாரை மாற்றாதீர்கள். எட்டு பிட் குறியில்லா எண்ணைத் திருப்பித் தரும் ஃபங்ஷனில் அழைப்பு தோற்றுப்போனால் ஜெனரேட்டர் எழுதிய கோடு 255-ஐத் தரும். பதினாறு பிட் என்றால் 65535, முப்பத்திரண்டு பிட் என்றால் 4294967295, குறியுள்ள எண் என்றால் -1. பூலியன் என்றால் பொய். இந்தப் பூலியன்தான் மோசம், ஏனென்றால் "கதவு திறந்திருக்கிறதா" என்று கேட்டு "இல்லை" என்று பதில் வந்தால் அது உண்மையான இல்லையா, வயர் கழன்றதால் வந்த இல்லையா என்று தெரியாது. அதனால் என் ஐடிஎல்லில் மதிப்பை அப்படியே திருப்பித் தரும் ஃபங்ஷன்களே கிடையாது. திரும்புவது ஒரு நிலை எண், மதிப்பு வெளிச்செல்லும் அளவுருவில் வரும். நிலை எண்ணில் 0 என்றால் மட்டுமே சரி. தோல்வியில் எந்த எண் திரும்பவேண்டும் என்று ஐடிஎல்லிலேயே குறிப்பு எழுதி மாற்றவும் முடியும், ஆனால் நிலை எண் முறைதான் எனக்குத் தூக்கம் தருகிறது.

"கொஞ்ச நேரம் அருமையாக ஓடுகிறது, அப்புறம் செத்துவிடுகிறது, ரீசெட் செய்தால் மறுபடி ஓடுகிறது"

இதுதான் ஈஆர்பிசியில் அதிகம் பேரைச் சுற்றவிடும் அறிகுறி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சர்வரை ஓட்ட இரண்டு வழி. ஒன்று "ரன்", அதற்குள் போனால் அது தானே சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொன்று உங்கள் மெயின் லூப்பிலிருந்து அடிக்கடி கூப்பிடும் "போலிங்" வழி. ரன்னின் உள்ளே இருக்கும் லூப்பைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? நான்கைந்து வரிதான். "பிழை இல்லாதவரை சுற்று" என்று எழுதியிருக்கும். அதாவது ஒரே ஒரு செய்தியில் சிஆர்சி தவறினால் போதும், ரன் அந்தப் பிழை எண்ணோடு வெளியே வந்துவிடும். நம்மில் பெரும்பாலோர் என்ன எழுதியிருக்கிறோம்? ரன்னைக் கூப்பிட்டுவிட்டு, அது திரும்பவே திரும்பாது என்ற நம்பிக்கையில் அடுத்த வரியில் வெற்று லூப். போர்டு உயிரோடுதான் இருக்கிறது, எல்இடி கூட டைமர் இன்டரப்டில் மின்னிக்கொண்டிருக்கும், ஆனால் யாரும் யூஆர்ட்டைப் படிக்கவில்லை.

உறுதி செய்ய, ரன்னுக்கு அடுத்த வரியில் ஒரு பிரேக்பாயின்ட் வையுங்கள். அங்கே வந்து நின்றால் இதே பிழைதான். திரும்பி வந்த எண்ணைப் பார்த்துக் காரணத்தைப் பிறகு தேடலாம்.

தீர்வு, ரன்னை இன்னொரு லூப்புக்குள் போடுவது. அது மட்டும் போதாது. ஏன் என்றால் ஈஆர்பிசியின் யூஆர்ட் சட்டகத்தில் (தலைப்பும் செய்தியும் சேர்ந்த அமைப்பில்) "இங்கேதான் செய்தி தொடங்குகிறது" என்று காட்டும் தனி அடையாள பைட் கிடையாது. எச்டிஎல்சி என்ற நெறிமுறையில் 126 என்ற பைட் அந்த வேலையைச் செய்யும், சிஓபிஎஸ் முறையில் பூஜ்யம் செய்யும். இங்கே வந்த முதல் பைட்டே தலைப்பின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளப்படும். நடுவில் ஒரு பைட் தொலைந்தால், அடுத்த செய்தியின் பைட்டுகளில் ஒன்றை இந்தச் செய்திக்கு என்று விழுங்கிவிட்டு, அதற்கு அடுத்த செய்தியை ஒரு பைட் தள்ளிப் படிக்கும், அப்படியே எல்லாமே தள்ளிப்போகும். பஸ்ஸில் ஒருவர் தவறான சீட்டில் உட்கார்ந்தால் பின்னால் வரும் எல்லோரும் ஒரு சீட்டு தள்ளி உட்காருவது போலத்தான்.

அதனால் ரன் பிழையோடு வெளியே வந்ததும், யூஆர்ட்டில் வரும் பைட்டுகளைப் படித்துப் படித்துக் கீழே போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், வயர் தொடர்ந்து 50 மில்லிவினாடி அமைதியாக இருக்கும்வரை. பிறகுதான் மறுபடி ரன். 115200 வேகத்தில் 256 பைட் முழுதாக வர 22 மில்லிவினாடிதான் ஆகும், ஆனால் சில யூஎஸ்பி சீரியல் அடாப்டர்கள் பைட்டுகளைச் சேர்த்து வைத்து 16 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் தள்ளும், அதனால் 50 வைத்தேன். கிளையன்ட் பக்கமும் பிழை வந்தால் உடனே மறுபடி கூப்பிடாமல், பஃபரில் கிடப்பதைக் காலி செய்து, ஒரு 100 மில்லிவினாடி நின்று கூப்பிட வேண்டும். அது நிற்காமல் கத்திக்கொண்டே இருந்தால் இந்தப் பக்கம் அமைதி என்ற ஒன்று வரவே வராது. இந்த இருபது வரிகளைச் சேர்த்த பிறகு என் போர்டு வாரக்கணக்கில் ரீசெட் இல்லாமல் ஓடுகிறது.

"முதல் சில விநாடி மட்டும் குப்பை வருகிறது"

இதில் எனக்கு இரண்டு மாலைகள் போயின. போர்டை லேப்டாப்பில் சொருகியதும் நான் எதையும் திறக்காமலேயே யாரோ அதற்குப் பைட் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அனலைசரில் பார்த்தால் 65, 84, 13. எழுத்தாக்கினால் "ஏ", "டி", என்டர். மோடங்களுக்குப் போடும் ஏடி கட்டளை! லினக்ஸில் மோடம் மேனேஜர் என்ற சேவை, புதிதாகச் சொருகும் சீரியல் சாதனம் மோடமாக இருக்குமோ என்று கேட்டுப் பார்க்கிறது. அதற்குச் சாதனத்தை விட்டுவிடச் சொல்லி ஒரு யூடெவ் (லினக்ஸின் சாதன மேலாளர்) விதி எழுதலாம், மோடம் எதுவும் உங்களிடம் இல்லையென்றால் அந்தச் சேவையையே எடுத்துவிடலாம்.

ராஸ்பெரி பையின் ஜிபிஐஓ பின்களில் நேரடியாக இணைத்திருந்தால் குற்றவாளி வேறு. சீரியல் கன்சோல் இயக்கத்தில் இருந்தால் பூட் செய்திகளும் லாகின் கேட்கும் வரியும் அதே பின்களில்தான் வரும். உங்கள் போர்டு அனுப்பும் பதிலை லினக்ஸ் ஒரு பயனர் பெயராக எடுத்துக்கொண்டு கடவுச்சொல் கேட்கும், சிரிப்பாக இருக்கும். ராஸ்பி கான்ஃபிக்கில் சீரியல் வழி லாகினை அணைத்து, சீரியல் போர்ட்டை மட்டும் இயக்கத்தில் விடுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று, போர்டு பக்கத்திலேயே டீபக் கன்சோலும் ஈஆர்பிசியும் ஒரே யூஆர்ட்டில் இருப்பது. எங்கோ ஒரு மூலையில் மறந்துபோன பிரின்ட்எஃப் ஒன்று "ஹலோ" என்று ஆங்கிலத்தில் அச்சிடும். அதன் முதல் இரண்டு எழுத்துகளின் பைட்டுகள் 72, 101. அவை அளவு இருக்கவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தால் 25928 பைட் செய்தி வருகிறது என்று பொருள். டீபக்கரில் அளவு இப்படி இருபதாயிரம், முப்பதாயிரம் என்று தெரிந்தால் அதை இரண்டு பைட்டாகப் பிரித்து எழுத்தாக மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் உங்கள் லாக் செய்தி ஒன்றின் துண்டு அங்கே சிரிக்கும்.

"சிஆர்சி பிழை அவ்வப்போது வருகிறது"

எல்லா அழைப்பிலும் வருகிறது என்றால் அது வேறு கதை: இரண்டு பக்கமும் ஒரே ஈஆர்பிசி பதிப்பா என்று பாருங்கள். பின்னால் வந்த பதிப்புகளில் தலைப்புக்கே தனி சிஆர்சி சேர்ந்துவிட்டது. பழைய ஃபர்ம்வேரும் பிப்பில் புதிதாக இறக்கிய பைத்தான் நூலகமும் ஒன்றுக்கொன்று புரியாமல் முழிக்கும். பதிப்பு எண்ணை இரண்டு பக்கமும் பூட்டி வையுங்கள்.

எப்போதாவது வருகிறது என்றால் பைட் தொலைகிறது. 115200 வேகத்தில் ஒரு பைட்டுக்குச் சுமார் 87 மைக்ரோவினாடி. அந்த நேரத்துக்குள் இன்டரப்ட் வந்து எடுக்காவிட்டால் அடுத்த பைட் மேலே ஏறிவிடும். ஃபர்ம்வேரில் எங்காவது இன்டரப்டை நீண்ட நேரம் அணைக்கிறீர்களா? குறிப்பாக உள் ஃபிளாஷில் செட்டிங் சேமிக்கும் இடம். ஃபிளாஷ் அழிக்கும்போது 10 மில்லிவினாடி நின்றால் 115 பைட் காலி. டிஎம்ஏ (சிபியு உதவியில்லாமல் பைட்டுகளை நினைவகத்தில் சேர்க்கும் வசதி) வைத்தால் இது பெருமளவு தீரும்.

பை பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. பை 3-இலும் 4-இலும் நல்ல யூஆர்ட் ப்ளூடூத்துக்குப் போய்விடுகிறது, பின்களுக்கு வருவது மினி யூஆர்ட். அதன் வேகம் கோர் கடிகாரத்தோடு கட்டப்பட்டது, கடிகாரம் ஏறி இறங்கினால் வேகமும் ஏறி இறங்கும். ப்ளூடூத் வேண்டாம் என்றால் அதை அணைக்கும் ஓவர்லேயைப் போட்டு நல்ல யூஆர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

"புது ஃபங்ஷன் ஒன்று சேர்த்தேன், இப்போது வேறு ஏதோ ஓடுகிறது"

ஃபங்ஷன்களுக்கு எண் ஐடிஎல்லில் எழுதிய வரிசையில்தான் கிடைக்கும். நடுவில் ஒன்றைச் செருகினால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் ஒன்று ஏறும். பைத்தான் பக்கத்தை மட்டும் மறுபடி ஜெனரேட் செய்து, போர்டில் பழைய ஃபர்ம்வேரை விட்டுவிட்டால், "வால்வை மூடு" என்று நீங்கள் கூப்பிட்டது அங்கே "வால்வைத் திற" என்று ஓடலாம். அளவுருக்களின் வகையும் ஒத்துப்போனால் எந்தப் பிழையும் வராது, சிஆர்சியும் சரியாகவே இருக்கும். எண் யாருக்கும் பொருந்தாமல் போனால் சர்வர் பிழையோடு வெளியே வரும், மேலே சொன்ன கதைதான்.

ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் சர்வீஸுக்கும் ஐடி குறிப்பைக் கையால் எழுதிவிடுங்கள். எழுதிய எண்ணை மாற்றாதீர்கள், நீக்கிய ஃபங்ஷனின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். கூடவே எண் 1-இல் "பதிப்பு என்ன" என்று கேட்கும் ஒரு ஃபங்ஷனை வைத்து, கிளையன்ட் தொடங்கியதும் முதலில் அதைக் கூப்பிட்டு, எண் ஒத்துவராவிட்டால் அங்கேயே நின்றுவிடுவது என் வழக்கம்.

"சின்ன டேட்டா போகிறது, பெரியது போகவில்லை"

பஃபரின் இயல்பு அளவு 256 பைட். அதில் செய்தியின் எட்டு பைட், பட்டியலின் நீளத்துக்கு நான்கு, சட்டகத் தலைப்பு எல்லாம் போக உங்களுக்குச் சுமார் 240தான். பைத்தானுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லாததால் 1000 பைட்டையும் கூசாமல் அனுப்பும், போர்டு மறுக்கும். கான்ஃபிக் கோப்பில் அளவைக் கூட்டலாம். இப்படி எத்தனை பஃபர் ஒதுக்குகிறீர்கள் என்பதையும் பெருக்கிப் பாருங்கள், ஸ்டாட்டிக் முறையில் இயல்பாக இரண்டு. ஃபர்ம்வேர் கோப்பு போன்ற பெரியவற்றை 128 பைட் துண்டுகளாக அனுப்புவதுதான் உருப்படியான வழி.

"சரம் திருப்பித் தரும் ஃபங்ஷனில் ஹார்ட் ஃபால்ட்"

ஹார்ட் ஃபால்ட் என்றால் சிப் பிழையில் சிக்கி நின்றுபோவது. போர்டில் உங்கள் ஃபங்ஷன் மேற்கோளுக்குள் எழுதிய சரத்தை அப்படியே திருப்பித் தருகிறதா? அதுதான். பதிலை அனுப்பி முடித்ததும் ஜெனரேட்டர் எழுதிய கோடு அந்தச் சுட்டியை ஃப்ரீ செய்யும். மேற்கோளுக்குள் இருப்பது ஃபிளாஷ் முகவரி, ஹீப்பில் (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகத்தில்) ஒதுக்கியது அல்ல. ஈஆர்பிசியின் மாலக் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) மூலம் இடம் வாங்கி, அதில் நகலெடுத்துத் தரவேண்டும். இரண்டு பக்கமும் சி என்றால் கிளையன்ட் பக்கத்தில் வந்து சேரும் சரத்தை ஃப்ரீ செய்வது உங்கள் பொறுப்பு. மறந்தால் ஹீப் மெல்ல மெல்லக் கசிந்து எப்போதோ ஒரு நாள் நிற்கும். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சின்ன இயங்குதளத்தில் ஹீப் 1 என்ற நினைவக முறையை வைத்திருந்தால் அதில் ஃப்ரீ என்பதே கிடையாது, ஹீப் 4-க்கு மாறுங்கள்.

"மோட்டார் சில சமயம் இரண்டு முறை சுற்றுகிறது"

இதற்கு நூலகத்தில் தீர்வு தேடாதீர்கள். அழைப்பு போர்டுக்குப் போய்ச் சேர்ந்து, மோட்டார் சுற்றி முடித்து, திரும்பி வரும் பதில் மட்டும் வழியில் கெட்டுப்போனால் கிளையன்டுக்குத் தெரிவது தோல்வி. அது மறுபடி கூப்பிடும், மோட்டார் மறுபடி சுற்றும். வேலை நடக்கவில்லையா, நடந்து பதில் மட்டும் தொலைந்ததா என்று இந்தப் பக்கத்தில் இருந்து தெரிந்துகொள்ள வழியே இல்லை. தொலைவழி அழைப்பைப் பற்றி பிரெலும் நெல்சனும் 1984-இல் எழுதிய காலத்திலிருந்தே இருக்கும் தலைவலி இது. ஈஆர்பிசி வரிசை எண்ணைப் பதிலைச் சரிபார்க்க மட்டும்தான் வைத்திருக்கிறது. மறுபடி வந்த அழைப்பை அது அடையாளம் காணாது, நீங்கள் மறுபடி கூப்பிட்டால் எண்ணும் புதிது.

"பத்து படி நகர்" என்பதை "340-ஆம் படிக்குப் போ" என்று மாற்றினேன். இரண்டு முறை வந்தாலும் மோட்டார் ஏற்கெனவே அங்கேதான் நிற்கும். அப்படி மாற்ற முடியாத வேலைகளுக்கு, கிளையன்ட் கொடுக்கும் ஒரு டோக்கன் எண்ணையும் அளவுருவாக வாங்கி, கடைசியாகச் செய்த டோக்கன் இதுவே என்றால் வேலையைச் செய்யாமல் பழைய விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறேன். டைம்அவுட் வைத்து மறுமுயற்சி செய்யும் எவரும் இதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் மறுமுயற்சிக் கோடை எழுதுங்கள்.

"எக்ஸ்பெக்டெட் ரிப்ளை என்று பிழை வருகிறது"

வந்த பதிலின் வரிசை எண் கேட்டதோடு பொருந்தவில்லை, அல்லது வந்தது பதிலே இல்லை. டைம்அவுட்டுக்குப் பிறகு தாமதமாக வந்து சேர்ந்த பழைய பதில் பஃபரில் கிடந்தால் இப்படி ஆகும். மறுமுயற்சிக்கு முன் காலி செய்யச் சொன்னது இதற்காகவும்தான். இன்னொரு காரணம், இரண்டு டாஸ்க்குகள் ஒரே கிளையன்டை ஒரே நேரத்தில் கூப்பிடுவது. ஒருவர் கேட்டதற்கான பதிலை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) போட்டுச் சுற்றிவிடுங்கள்.

மூன்றாவது, போர்டும் பையைக் கூப்பிட ஆசைப்படுவது. பை பதிலுக்குக் காத்திருக்கும்போது போர்டிலிருந்து ஒரு அழைப்பு வந்து விழுந்தால் அதைப் பதில் என்று எண்ணிப் படித்துப் பிழை சொல்லும். ஒரே வயரில் இரண்டு பக்கமும் கூப்பிடவேண்டும் என்றால் வருவது அழைப்பா பதிலா என்று பிரித்துத் தரும் ஆர்பிட்ரேட்டர் டிரான்ஸ்போர்ட் வேண்டும், அழைப்புக்குள் அழைப்பு என்றால் கான்ஃபிக்கில் அதற்கான மேக்ரோவையும் இயக்கவேண்டும். ஒருமுறை இரண்டையும் அமைத்து ஓட்டிப் பார்த்தேன், வேலை செய்தது, ஆனால் அடுத்த வாரமே கழற்றிவிட்டேன். இப்போது போர்டு யாரையும் கூப்பிடுவதில்லை. பை 200 மில்லிவினாடிக்கு ஒருமுறை "ஏதாவது நடந்ததா" என்று கேட்கிறது, போர்டு தன் வரிசையில் சேர்த்து வைத்ததைக் கொடுக்கிறது.